வௌவால் கடித்த கொய்யா

பெண் பார்க்கப் போகிற இடத்தில் படிப்பைக் காட்டக் கூடாது. இதை எனக்குச் சொல்ல அன்று ஆளில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மழை பொய்த்த ஒரு கோடை. வௌவால் ரத்தத்தைச் சோதித்தே முனைவர் ஆகிவிடலாம் என்று திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் மரம் மரமாக அலைந்துகொண்டிருந்தேன். அக்கா ஆயக்குடியில் ஒரு வரன் பார்த்தாள். பெண் டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே மனசுக்குள் தாலி கட்டிவிட்டேன்.

பெண்ணின் அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. தோப்போரத்து ஆலமரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள். வௌவால் கடித்த பழம்தான் இனிப்பு என்பது அந்த வீட்டு நம்பிக்கை. கடித்த பக்கத்தைச் சீவிவிட்டு மிச்சத்தை விருந்தாளிக்குக் கொடுப்பது அவர்கள் மரியாதை. அவரே சீவி நீட்டினார்.

"சாப்டுங்க மாப்ள. வௌவால் ருசி பாத்த பழமுங்க."

வாங்கித் தின்று தொலைத்திருக்கலாம். படித்த வாய் சும்மா இருக்குமா?

"கோடையில அதுகளுக்கு இரை கெடைக்காதுங்க. குட்டிக்குப் பாலும் குடுக்கணும். உடம்பு நொந்துபோனா எதிர்ப்பு சக்தி கொறையும். அடங்கிக் கெடந்த வைரஸ் எச்சில்ல, மூத்திரத்தில வெளிய வந்துரும்."

'வரலாம்' என்றுதான் நான் படித்திருந்தேன். பெண் வீட்டில் கெத்துக்காக 'வந்துரும்' ஆக்கினேன்.

"ஏலே, செத்த நேரம் சும்மா இரு" என்று அக்கா தொடையில் கிள்ளினாள்.

அவர் பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "ஏனுங்க, அந்த வௌவாலை நீங்க கையில புடிப்பீங்களா?"

"தெனமும் புடிப்பேங்க" என்றேன், பெருமையாக.

அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெண் வெளியே வரவேயில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "பட்டினி கெடந்துதான் அதுகளுக்கு நோவு வருதுன்னா, பாவமில்லீங்களாப்பா?" அந்த வீட்டில் நான் சொன்னது அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. அவளை எனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமே வெடி போட்டு வௌவால்களை விரட்டி, ஆலமரத்தையும் வெட்டிவிட்டார்கள். பட்டினியோடு பயமும் சேர்ந்தது. நான் சொன்ன நோயை வரவழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஒரு வௌவாலைக்கூட நான் சோதித்ததில்லை என்பது கூடுதல் கேவலம்.

இன்றும் வீட்டு விசேஷத்தில் பழத்தட்டு வந்தால் அக்கா என்னிடம்தான் முதலில் நீட்டுவாள். "சோதிச்சுச் சொல்லு அப்பு, திங்கலாமா?" அவள் பேரப்பிள்ளைகள் வரை சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்து வீட்டுக்கு வந்து, ஒற்றை ஆளுக்குச் சோறு வடிப்பேன்.