அம்பு பாய்ந்த தாடை

கிராம்பு எண்ணெய் வாசனை வந்தால் போதும், என் கை தானாக இடது கன்னத்துக்குப் போய்விடும். கவிதை எழுதுகிறவனைக் குடும்பம் ஒருவழியாகப் பொறுத்துக்கொள்ளும். அவன் கையில் மைக் கிடைப்பதைத்தான் பொறுக்காது.

செட்டியார்பட்டிப் பக்கம் மாமனார் ஷெட் போட அஸ்திவாரம் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. கீழ்த்தாடையில் கடலை நுழையுமளவு ஓட்டை. நான் குனிந்து பார்த்து, "அம்பு" என்றேன். மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை 'சும்மா எழுதிக்கிட்டிருக்காரு' என்றே அறிமுகம் செய்தவர், முதல்முறையாக என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நம்ம முப்பாட்டனாத்தான் இருப்பாரு மாப்ள. பட்டாளம் நம்ம ரத்தத்துலயே இருக்கு."

தொல்லியல் துறைக்குத் தகவல் போய், எலும்புகளைச் சுத்தம் செய்து எடுத்துப்போக ஆய்வாளர் தமிழரசி வந்தார். அவர் கிளம்பும் நாளில் மாமனார் வழியனுப்பு விழா வைத்தார். சாமியானா, 'மாவீரர் முப்பாட்டன்' என்று ஃப்ளெக்ஸ், ஓரத்தில் மாமனாரின் பழைய சீருடைப் படம், மேடை மேசையில் அந்தத் தாடை. சிறப்புரை நான்.

எனக்கோ மாதக்கணக்கில் பல்வலி. டாக்டரின் அந்த 'ர்ர்ர்' சத்தத்துக்குப் பயந்து, கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை வாயில் அடக்கியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"அம்பு பாய்ந்தும் அசையாத தாடை இது" என்று முழங்கினேன். (பாதி முழக்கம் எச்சிலாகத்தான் வந்தது.) கைதட்டல் அடங்கியதும் மாமனார் தமிழரசியிடம் மைக்கைக் கொடுத்தார்.

"ரெண்டு வார்த்த பேசுங்கம்மா."

அவர் தயங்கினார். "இவங்க பொம்பளையாளுங்கய்யா. இடுப்பெலும்பு சொல்லுது."

மாமனார் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

"கூடக் கிடந்த பானை ஓட்டைப் பாத்தா பாண்டியர் காலமா இருக்கலாம். பல்லுல வரிவரியா பள்ளம் இருக்கு. சின்னப் பிள்ளையில பட்டினியோ பெரிய காய்ச்சலோ வந்து பிழைச்சிருக்காங்க. கண்குழி எலும்பு சல்லடையா இருக்கு. ரத்தம் பத்தாத உடம்பு."

"அப்ப அம்பு?" என்றார் மாமனார், மெதுவாக.

"சொத்தப்பல்லுங்கய்யா. வேருல சீழ் கட்டி, எலும்பை அரிச்சு வெளிய வந்த வழி. வலது பக்கப் பல்லு தேஞ்சிருக்கு, இடது பக்கம் காரை ஏறிக் கெடக்கு. ரொம்ப நாளா ஒரு பக்கமாவே மென்னுருக்காங்க. இதுலதான் செத்தாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா ஆளைக் கொல்லக்கூடியதுதான்."

மேடையில் கொடுத்த வடையை வலது பக்கம் மென்றுகொண்டிருந்த நான் நிறுத்தினேன். பல நூறு வருடத்துக்கு முன், இதே மண்ணில் ஒருத்தி, இதே போல் சோற்றை நாக்கால் ஒதுக்கி ஒதுக்கித் தின்றிருக்கிறாள். அவளுக்குப் போக இடமில்லை. எனக்குப் போக மனமில்லை. பட்டினியைத் தாண்டி வந்தவளுக்கு, இல்லாத ஓர் அம்பைக் கொடுத்து நான் பெருமை சேர்த்திருந்தேன்.

"நானும் மாசக்கணக்கா இதத்தான சொல்லுதேன்" என்றாள் முன்வரிசையில் இருந்த என் மனைவி. கூட்டம் சிரித்தது.

மாமனார் எழுந்தார். தாடையைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். பைக்கை எடுத்து, "ஏறுங்க" என்றார். ராஜபாளையம் தாண்டும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் கன்னத்தைப் பிடித்தாலும், "அம்பா?" என்றுதான் கேட்பார்கள். அதைத் தொடங்கிவைத்தவர் மாமனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர் வாசலில் என்னை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"அம்பப் புடுங்கிட்டு பஸ் ஏறி வந்துருங்க மாப்ள. நான் போயி ஃப்ளெக்ஸுல முப்பாட்டின்னு மாத்தணும்."