ஞானையாவும் பாதாம் மரமும்

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவர்கள் கேட் அருகே நின்று பார்த்தபோது, பெண்ணின் அப்பா ஞானையா பனியனும் கைலியுமாகப் பாதாம் மரத்தை முதுகால் மடார் மடார் என்று இடித்துக்கொண்டிருந்தார்.

தாம்பரத்திலிருந்து பூங்கா ஸ்டேஷன்வரை மின்சார ரயிலில் இடிபட்டே ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஒருவரையும் திருப்பி இடித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு சேலையூரில் ஒரு சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தார். அதில் 'காவ்' என்று ஒன்று. கையை ஓங்க இடமில்லாத நெருக்கத்தில் தோளாலும் முதுகாலும் எதிராளியை இடித்துத் தள்ளுவது. இதை வேலைக்குப் போன காலத்திலேயே யாராவது சொல்லித்தந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு மனம் ஆறவில்லை. பாவம், தினமும் காலையில் மரத்திடம் ஆற்றிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒருநாள் மரத்துப் பக்கம் போகாதீங்க. ஜென்சிக்கு இந்த இடமாவது அமையட்டும்" என்று மனைவி ஜெயசீலி விடியும்போதே கெஞ்சியிருந்தார். ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையன் ஜெரோமை ஜென்சிக்கு ரொம்பப் பிடித்தும்விட்டது. அந்தப் படபடப்பு தாங்காமல்தான் ஞானையா, சும்மா ரெண்டே இடி என்று வாசலில் இறங்கினார்.

"என்ன சார், முதுகுல என்ன?" என்றார் ஜெரோமின் அம்மா அமலராணி.

"ஒண்ணுமில்லீங்க. லேசா அரிப்பு."

அமலராணி மகனைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஹாலில் எல்லாரும் உட்கார்ந்ததும் ஜெயசீலி கேசரியோடு வந்து சரிசெய்யப் பார்த்தார். "தோல் வியாதின்னு நினைச்சுக்காதீங்க. டாக்டர் சொன்ன எக்சர்சைஸ்தான்."

"மரத்துல முட்டிக்கச் சொன்னாரா? எந்த டாக்டருங்க, தலைக்குப் பாக்கறவரா?" என்றார் அமலராணி.

ஜெயசீலி கேசரிப் பாத்திரத்தை ஷோகேஸுக்குக் கீழே இருந்த டீப்பாயில் வைத்தார்.

ஜெரோமின் அப்பா சவுரிமுத்து வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. சோபாவில் முதுகு படாமல் நுனியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஏதோ சொல்ல வந்தார். அமலராணி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

கதவோரம் நின்ற ஜென்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, உள்ளத உள்ளபடி சொல்லிடுங்கப்பா."

"சொல்லிடறேங்க" என்றார் ஞானையா. "நான் சண்டை கத்துக்கறேன்."

"சண்டையா? இந்த வயசுல யார்கூட?"

"யார்கூடவும் இல்லீங்க. இது அமைதியான சண்டை."

அமலராணி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இனி வாயால் சொல்லிப் பயனில்லை, செய்தே காட்டிவிடலாம் என்று ஞானையா எழுந்தார்.

"பயப்படற மாதிரி இதுல எதுவும் இல்லீங்க. இப்படி நிக்கணும். லேசா சாயணும், அவ்வளவுதான்."

சாய்ந்தார். ஷோகேஸ் ஆடியது. ஜென்சி காலேஜில் வாங்கிய கோப்பைகள் ஒவ்வொன்றாகக் கேசரிப் பாத்திரத்தில் விழுந்தன. கடைசிக் கோப்பை ஜெரோமின் வெள்ளைச் சட்டைவரை கேசரியைத் தெறிக்கவிட்டது.

ஜெரோம் கைக்குட்டையைத் தேடினான்.

ஞானையா அமலராணியைப் பார்த்துக் கைகூப்பினார். "என் பொண்ணு தங்கமானவங்க. என்னை வெச்சு அவள வேணாம்னு சொல்லிடாதீங்க. இதையெல்லாம் இன்னியோட விட்டுடறேன். அந்த மரத்தையே வேணும்னாலும் வெட்டிடறேன்."

மரத்தை வெட்டுவதாகச் சொன்னதும் சவுரிமுத்து எழுந்துவிட்டார். அமலராணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து ஜெயசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சவுரிமுத்து வாசலுக்குப் போகவில்லை. நேராக ஞானையாவிடம் வந்து குனிந்து அவர் காலைப் பார்த்தார். பின்னால் அமலராணி, "போச்சு, இவ்வளவு நேரம் அடக்கி வெச்சிருந்தேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சவுரிமுத்து நிமிர்ந்து, ஞானையாவின் தோளில் கை போட்டுச் சொன்னார்.

"சாயறப்ப குதிகாலத் தூக்கறீங்க சம்பந்தி. எங்க வீட்டுச் சுவத்துல நானும் மொதல்ல இதே தப்பத்தான் பண்ணிட்டிருந்தேன்."