மூன்றாவது சிலிண்டரும் மறியல் கல்லும்

சகாபா,
வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய ஞானத்தந்தை குமெர்சிந்தோ அவர்களுக்கு, பட்டமளிப்பு நாளில் நீங்கள் மோதிரம் அணிவித்த ஞானமகள் நெல்வா பணிந்து எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். சாந்தா குரூஸில் உங்கள் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டோம். பேரனுக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் டாக்சிதான் சுகமில்லை. அதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது நீங்கள் சாவியை நீட்டி, "இஞ்சின் டொக்கு டொக்குன்னு தட்டுதும்மா. வீட்லயே இஞ்சினியர் இருக்கும்போது நான் ஏன் வெளிய போகணும்?" என்றீர்கள். நான் படித்ததில் பெரும்பகுதி காகிதத்தில்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் தெருவே எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. இஞ்சினை ஓடவிட்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவதைக் கழற்றியதும் தட்டல் அடங்கியது, மாட்டியதும் திரும்ப வந்தது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று புத்தகம் சொல்லும், நானும் சொன்னேன். பத்துப் பேர் முன்னால் நான் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அதுதான். உடனே நாலு பேர் இஞ்சினை இறக்கி, பழைய டயர்களின் மேல் தலைகீழாக வைத்தார்கள். அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்பை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, ராடின் மூடியைக் கழற்றினேன். மூடியில் இருந்த பேரிங் புதுசு போலப் பளபளத்தது. மற்ற மூன்று மூடிகளிலும் அப்படியே. யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் சோளக்கஞ்சி விற்கும் கசில்தா அக்கா சம்பைப் பார்த்து, "ஏம்மா இஞ்சினியரு, இந்தத் தட்டு ஏன் உள்ள குழிஞ்சி கெடக்கு? என் அண்டா கீழ விழுந்தப்ப இப்படித்தான் ஆச்சு" என்றாள். அவமானத்திலிருந்து தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் நான் கத்திவிட்டேன்: "இதுதான்! கல்லு இடிச்சு சம்பு மேல ஏறியிருக்கு. ராடு சுத்தும்போது இதுல முட்டுது!"

"எந்தக் கல்லு?" என்று கேட்டார் உங்கள் ஓட்டுநர் சங்கத் தலைவர் ருஃபினோ அண்ணன். அவர் அங்கே நின்றதை நான் கவனிக்கவில்லை.

"வேற எந்தக் கல்லு? போன மாசம் மறியலுக்கு நாம ரோட்ல போட்டதுதான்" என்றார் சங்கத்து ஓட்டுநர் ஒருவர்.

"அந்த மறியல நடத்துனதே குமெர்சிந்தோதானய்யா!"

"நல்லா நடத்துனாரு. நாம ஆறு நாளு வண்டிய மூடிப் போட்டுட்டு வீட்ல பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினோம். இவரு கல்லு மேலயே ஏத்தி சவாரி அடிச்சிருக்காரு!"

நான் வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உங்களைச் சங்கத்திலிருந்து நீக்கி, வழித்தடத்தையும் பிடுங்கப் போகிறார்களாம். முப்பது வருஷம் நீங்கள் ஓட்டிய தடம், ஞானப்பா.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்று மாதத்தின் முதல் வெள்ளி, பூமித்தாய்க்குப் படையல் வைக்கும் நாள். கசில்தா அக்கா தணல் சட்டியோடு வந்து, "வயித்தத் தொறந்து வச்சிருக்கீங்க, பூமித்தாய்க்குப் புகை போடாம மூடலாமா?" என்றாள். பிறகு பீரையும் வண்ணக் காகிதத் துணுக்குகளையும் வழக்கம்போல இஞ்சினைச் சுற்றித் தெளிக்காமல் இஞ்சினுக்குள்ளேயே தாராளமாகக் கொட்டினாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

என் அரைகுறைப் படிப்பால் உங்கள் பெயர் கெட்டது. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. குழியை அடித்து நிமிர்த்தி, வண்டியைப் பூட்டி வைக்கிறேன். இனி எந்த இஞ்சினையும் தொடமாட்டேன். மாதா உங்களையும் தாயையும் பிள்ளையையும் காக்கட்டும். அம்மா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

தலை நிமிர முடியாத ஞானமகள்,
நெல்வா

பின்குறிப்பு: பஸ் வர நேரமிருந்ததால், காகிதத் துணுக்குகளை எடுக்க ஹெட்டையும் கழற்றி பிஸ்டன்களை உருவினேன். பேரிங் இரண்டு பாதிகளாக இருக்கும். மூன்றாவது ராடில், நான் பார்க்காத மேல் பாதி செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கும்போது அடி முழுவதும் அந்தப் பாதியில்தான் விழும். மூடியிலுள்ள பாதி பளபளக்கத்தான் செய்யும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். சம்பின் உள்பக்கம் ராட் உரசிய கீறல் ஒன்றுகூட இல்லை. வெளிப்பக்கம் குழி நிறையப் பல வருஷத்துத் துரு. அது எப்போது விழுந்த குழி என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். போன மாதம் விழுந்ததல்ல, அது போதும். ஆகவே மேலே பேரனுக்கு அனுப்பிய முத்தங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு வாசிக்கவும். ஞாயிறன்று அறுபது ஓட்டுநர்கள் முன்னால் இந்தப் பேரிங்கைப் பிடித்துக்கொண்டு நானே பேசப் போகிறேன். கசில்தா அக்காவைத் தெருமுனையில் நிறுத்தி, எங்கள் வாசலிலிருந்து அந்தப் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை "கேக்கலடி!" என்றாள். நான்காவது தடவை, "போதும்டி, காது வலிக்குது" என்றாள்.