அக்குளில் வந்த ஆத்தா

நோய் வருவதற்கென்று உடம்பில் சில மரியாதையான இடங்கள் உண்டு. தலை, தொண்டை, முழங்கால் மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம்கூட அவற்றைப் பற்றித் தாராளமாகப் புலம்பலாம். எனக்கு வந்தது அக்குளில். வாயையும் திறக்க முடியாது, கையையும் தூக்க முடியாது.

பாக்கு அளவில் ஒரு கட்டியாக ஆரம்பிக்கும். சிவந்து, வீங்கி, எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து, உடைந்து, ஆறும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். அப்போது நான் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். கரும்பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும்தான் எழுதுவேன். (பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதுவார்கள். டீச்சர் மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்து அதிபர் என்னைப் பாராட்டியிருக்கிறார்.)

அம்மாவின் கணக்கில் அது உடம்புச் சூடு. சோற்றையும் மஞ்சளையும் அரைத்துப் பத்துப் போட்டார். என் கணக்கில் அது அழுக்கு. அந்தக் குளிரிலும் சவர்க்காரம் போட்டு, பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்தேன். தோல்தான் உரிந்தது. கட்டி அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பூண்டுலோயாவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சிவகுமார், ஹட்டனில் ஒரு கடையில் வேலை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது. பயமும் அதனால்தான்.

"கட்டி கிட்டின்னு அவங்க காதுல விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்" என்றார் அம்மா. "கல்யாணம் முடியிற வரைக்கும் மூச்சு விடாத. ஆஸ்பத்திரிப் பக்கமும் போவாத. யாராச்சும் பாத்துருவாங்க."

மருந்துக்குப் பதிலாக மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். கட்டி ஆறுவதற்காக நான் திருவிழாவில் பால்குடம் எடுக்க வேண்டும். (அக்குளில் கட்டி உள்ளவளுக்கு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிற நேர்த்தி. படித்த டீச்சர், நானும் சரியென்று தலையாட்டினேன்.)

திருவிழாவுக்குச் சிவகுமாரின் அம்மா ராஜம்மாவும் வந்திருந்தார். பேச்சு குறைவு, பார்வை அதிகம். நல்ல வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃபும் கட்டியிருந்தார். எங்கள் குளிர் மலைப் பக்கத்தில் அதை யாரும் விசேஷமாகப் பார்க்க மாட்டார்கள்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தை ஊர்வலம் தாண்டும்வரை சமாளித்துவிட்டேன். இடது கை குடத்தில், வலது கை காற்றில், செட்டையை விரித்த கோழி மாதிரி நடந்தேன். பின்னால் வந்த பக்கத்து லயத்து வீட்டுச் சரசு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்னா டீச்சர், ஒத்தக் கையால புடிக்கிறீங்க. ஆத்தாளுக்கு ஆகாதுங்க" என்று சொல்லி, என் வலது கையைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிக் குடத்தில் வைத்தார்.

கட்டி உடைந்தது.

நான் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்டதாகச் சொல்கிறார்கள். குடம் கவிழ்ந்து பால் முழுவதும் என் தலையில். உடம்பு நடுங்கியது, தலை தன்பாட்டில் ஆடியது. தப்பு மேளம் அடித்தவர்கள் திகைத்து நிறுத்தினார்கள். "டீச்சருக்கு ஆத்தா எறங்கிருச்சு" என்று யாரோ சொன்னதும் இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள்.

சாமி வந்தவரை விழாமல் எப்படிப் பிடிப்பது என்று எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக்கு ஒருவராக நின்று, அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும். தாங்கினார்கள். தாங்கத் தாங்க நான் குதித்தேன். குதிக்கக் குதிக்க அவர்கள் இறுக்கினார்கள்.

"தொடாதீங்க, தொடாதீங்க" என்று கதறினேன்.

"யாரோ சுத்தமில்லாம தொட்டுட்டாங்க போல" என்றார் பூசாரி. "ஆள மாத்துங்க."

மாற்றினார்கள். புதிதாக வந்த இருவரும் கொழுந்துக்கூடை சுமந்தே உரமேறியவர்கள். அதன்பிறகு என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜம்மா முன்னால் வந்து கும்பிட்டார். "தாயே, இந்தப் பொண்ண எம் மகனுக்குக் கட்டி வைக்கலாமா? ஒரு வாக்கு சொல்லு தாயே."

தப்பு நின்றது. என்னைக் கட்டலாமா என்று என்னிடமே கேட்கிறார். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தேதி குறித்திருப்பார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து அம்மா கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அந்த வலியில் வெளியே வந்துவிட்டது.

"ஒளிச்சு வச்சது போதும். மொதல்ல டொக்டர்கிட்ட காட்டணும். அப்புறந்தான் கல்யாணம்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ராஜம்மாவின் முகம் வெளிறிப் போனது. ஸ்கார்ஃபை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "காட்டுறேன் தாயே, காட்டிர்றேன்" என்று என் காலில் விழுந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தம் கைநழுவிப் போனது என்று மட்டும் நினைத்து இரவெல்லாம் அழுதேன். ஆனால் அம்மன் வாக்கு ஆகிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போவதை அம்மாவால் தடுக்க முடியவில்லை.

நுவரெலியாவில் தோல் கிளினிக். வாங்கில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அதே ஸ்கார்ஃப்.

எழுந்து ஓடிவிடலாமா என்று நினைப்பதற்குள் ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா கண்டுபிடிச்சிருச்சும்மா" என்று ஸ்கார்ஃபை அவிழ்த்தார். கழுத்திலிருந்து தலைமுடிக்குள் வரை சிவந்த திட்டுத் திட்டாகத் தோல் செதில் விட்டிருந்தது. "எரியும், அரிக்கும். ஒட்டிக்கிற நோயின்னு சொல்லிருவீங்கன்னு பயம். சம்பந்தத்த வேணாம்னுட்டா எம் மகன் என்னா பண்ணுவான்? அதான் மறைச்சேன்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அத்தை, அன்னிக்கு வந்தது ஆத்தா இல்லைங்க. கட்டி. அக்குள்ல."

அவர் என்னையே பார்த்தார். என் அக்குளைப் பார்த்தார். "அப்ப நான் கட்டி கால்லயா விழுந்தேன்?"

பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். சிரித்தால் அக்குள் வலித்தது, ஆனாலும் சிரித்தேன். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டிவிட்டுப் போனார்.

டொக்டர் சிங்களப் பெண்மணி. அளந்தளந்து தமிழ் பேசினார். "இது அழுக்கு இல்ல. சூடு இல்ல. யாருக்கும் ஒட்டாது. முடி வேர்ல அடைச்சு உள்ளுக்குள்ள வீங்குது. உங்க பிழை இல்ல." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அழுதுவிட்டேன். பிதுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, ரேசர் படக் கூடாது, இறுக்கமான சட்டை வேண்டாம், மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். "முழுசா போகும்னு சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வைக்கலாம்."

அடக்கித்தான் வைத்திருக்கிறேன். அவ்வப்போது ஒன்று தலைகாட்டும். இப்போது அதை மறைப்பதில்லை, ஆரம்பத்திலேயே போய்க் காட்டிவிடுகிறேன். கரும்பலகையின் மேல் பாதியிலும் எழுதுகிறேன். (பின்வரிசைப் பிள்ளைகள் இப்போது உட்கார்ந்தே தூங்குகிறார்கள்.) நான் காலையிலேயே எரிந்து விழுந்தால் சிவகுமார், "இப்ப பேசுறது நீயா, ஆத்தாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அத்தையின் கழுத்தும் எவ்வளவோ தேவலை. இருவருக்கும் ஒரே நாளில்தான் கிளினிக். அன்றைக்கு எனக்கு முன்பே ஸ்கார்ஃப் இல்லாமல் கிளம்பிப் போய் ரோட்டில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி மேட்டிலிருக்கும் வீட்டைப் பார்த்து என்னைக் கூப்பிடுவார்:

"ஆத்தா, சுருக்கா எறங்கி வா. பஸ் வந்துருச்சு."