விசிறி மாற்றுபவர்

படகு வைத்திருப்பவர்கள் இரு வகையினர். படகில் போகிறவர்கள் ஒரு வகை; படகுக்கு விசிறி மாற்றுகிறவர்கள் மறு வகை. முதல் வகையினரைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. போகிறார்கள், வருகிறார்கள், வெயிலில் கறுக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாம் வகையினரோ, அன்பர்களே, பாதுகாக்கப்பட வேண்டிய அபூர்வ இனம். அவர்களிடமிருந்து பிறரையும் பாதுகாக்க வேண்டும்.

விசிறி என்றதும் புழுக்கத்தை நினைக்க வேண்டாம். மிதவைப் படகு என்பது, இரண்டு நீண்ட அலுமினிய உருளைகளின்மேல் ஒரு வரவேற்பறையைத் தூக்கி வைத்தாற்போன்ற வாகனம். அதில் சோபா உண்டு, கூரை உண்டு, அவசரம் மட்டும் கிடையாது. அதன் பின்புறம் தொங்கும் மோட்டாரின் அடியில், தண்ணீருக்குள் சுழன்று படகை முன்னே தள்ளுகிறதே ஓர் உலோகப் பூ, அதைத்தான் கடைக்காரர்கள் புரொப்பெல்லர் என்றும் படகுத்துறையில் உள்ளவர்கள் விசிறி என்றும் அழைக்கிறார்கள். அந்தப் பூவுக்கு மூன்று இதழ்களா, நான்கா? அலுமினியமா, எஃகா? ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும்? இந்தக் கடைசிக் கணக்குக்குப் ‘பிட்ச்’ என்று பெயர். பிட்ச் குறைந்தால் இழுவை கூடும், வேகம் குறையும். பிட்ச் கூடினால் வேகம் கூடும், ஆனால் பாரம் ஏறியதும் மோட்டார் திணறும். ஒரு நாள் மாலையில் முடிவு செய்துவிடக்கூடிய செய்தி இது. நம்மவருக்கு ஓர் ஆயுள் போதாது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. குயிலுக்குக் கூவல் இருப்பதுபோல் இதற்கும் ஒரு குரல் உண்டு. பிறருடைய படகு அன்னம்போல மிதந்து செல்வதைத் துறையில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் போகுது…” என்பார். நீங்கள் மகிழ்ந்துபோவீர்கள். மகிழாதீர்கள். வாக்கியம் இன்னும் முடியவில்லை. “ஆனா…” என்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு உங்கள் படகு உங்களுக்கே பிடிக்காது.

இந்த இனத்தில் நான் நெருங்கிக் கண்ட ஒருவர் என் அடுத்த வீட்டில் வசிக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். துறையில் அவருக்கு ‘விசிறியார்’ என்று பெயர். அவர் வீட்டில் விசிறிகள் இல்லாத இடமில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் தடுப்பதற்கு ஒன்று. பழைய செய்தித்தாள்கள் பறக்காமல் இருக்க ஒன்று. குளியலறைக் கொக்கியில் ஒன்று, அதன் ஒவ்வோர் இதழிலும் ஒவ்வொருவருடைய துண்டு. உறவினர் வீட்டுக்குப் போனால், நலம் விசாரிப்பதற்கு முன்பே நிமிர்ந்து கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்ப்பார். “இதுல மூணு இலைதான் இருக்கு. நாலு போட்டிருந்தா இந்த இரைச்சல் வராது,” என்பார். சென்ற ஆண்டு பல் பிடுங்கிக்கொண்டபோது, வாயில் பஞ்சுடனேயே மருத்துவரின் மேசை விசிறியைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல முயன்றாராம். மருத்துவர் வலி என்று கருதி இன்னோர் ஊசி போட்டாராம். யார் செய்தது தவறு?

விசிறிக் கடைக்காரருக்கு அவர் தெய்வம். ஒரு நாள் காய்கறி வாங்கப்போன வழியில் அவர்களுடைய உரையாடலைக் கேட்க நேர்ந்தது.

“வாங்கண்ணே! போன வாரம் வாங்கிட்டுப் போனது எப்படி ஓடுது?”

“இன்னும் ஓட்டல. ஆனா சரியில்ல.”

“ஓட்டாமலே எப்படிண்ணே?”

“பாத்தாலே தெரியுதே. அது மூஞ்சியே சரியில்ல.”

கடைக்காரர் அந்த முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, வேறொரு முகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

விசிறியாரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியொன்றில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, அந்நியர்கள் தம்மைச் சுவரை நோக்கி ஓட்டிச் செல்வதை அமைதியாகக் காண்பதே அவருக்குத் தொழில். பொறுமைக்கு வேறு சான்று வேண்டுமா? படகு வாங்கிய நாளில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஏரியின் நடுவே ஒரு சிறு தீவு இருக்கிறது. நாலைந்து மரங்கள், கொஞ்சம் புல். அங்கே அமர்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். “அதுக்கென்ன, அடுத்த ஞாயித்துக்கிழமை,” என்றார் விசிறியார். அந்த அடுத்த ஞாயிறு, மற்ற ஞாயிறுகள் எல்லாவற்றுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டே இருந்தது.

அப்படியிருக்கையில், ஏரிக்கரையைப் பழுதுபார்ப்பதற்காக மதகைத் திறந்து நீர் முழுவதையும் வெளியேற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை மதகு திறக்கும். மீண்டும் ஏரி நிறைய எத்தனை மழைக்காலம் ஆகுமோ! மனைவி குரலை உயர்த்தவில்லை. “இந்த ஞாயித்துக்கிழமை போறோம். அக்காவையும் அத்தானையும் வரச் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டம்மாவும் வர்றாங்க,” என்றார். பிரேக்கின்மேல் கால் வைத்திருப்பவரின் குரல் அது.

ஞாயிறு வந்தது. நாங்கள் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்க் குடுவை, ஒரு பெரிய தர்பூசணி ஆகியவற்றுடன் துறையை அடைந்தோம். அங்கே விசிறியார் குளியலறை எடைக்கருவியுடன் நின்றார்.

“மோட்டார் புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கான். வழக்கமான பாரத்தோட ஓட்டிப் பாத்துத்தான் விசிறி தேர்ந்தெடுக்கணுமாம். ஒவ்வொருத்தரா ஏறுங்க.”

“என் எடை என் வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்களுக்கு எதுக்கு?” என்றார் மனைவியின் அக்கா.

அவருடைய கணவர் தையல்காரர். “இடுப்பளவு வேணும்னா நான் சொல்றேன் சகலை,” என்றார். அக்கா பார்த்த பார்வையில் அவர் தர்பூசணியின் பின்னே போய் நின்றுகொண்டார்.

விசிறியார் எல்லாரையும் நிறுத்தார். என்னையும் நிறுத்தார், பிறகு, கூட்டிக் கழித்துப் பார்த்து, என்னைக் கரையிலேயே நிறுத்தினார். குடுவையில் பாதித் தண்ணீரைக் கொட்டினார். தர்பூசணியை என்னருகில் வைத்தார். கூடையை எடுத்தபோதுதான் மனைவி தடுத்தார்.

“சாப்பாட்டை இங்கேயே சாப்பிட்டுட்டுப் போயிடலாமே,” என்று கெஞ்சினார் விசிறியார்.

“சாப்பிட்டா அந்த எடை எங்க போகும்? வயித்துக்குள்ளதானே?”

விசிறியார் உண்மையிலேயே சிந்தித்தார். “ஆமா. ஆனா… படகுக்கு நடுவுல இருக்கும்.”

கூடை ஏறியது. படகு கிளம்பியது. கிளம்பியதா? பின்புறம் தண்ணீரில் அமிழ, முன்புறம் நிலவைக் கண்டு ஊளையிடும் நாயைப்போல் நிமிர, மோட்டார் இருமிற்று. விசிறியாரின் முகம் மலர்ந்தது. நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் மலர்ச்சி. “பாத்தீங்களா? நான் சொல்லல?” என்று துறைக்குத் திருப்பினார், மோட்டாரை மேலே சாய்த்தார், காலடியில் இருந்த பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளே அடுக்கியிருந்த விசிறிகளுள் ஒன்றை எடுத்து, பழையதைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, புதியதை மாட்டினார். படகு மறுபடியும் கிளம்பி, மறுபடியும் ஊளையிட்டு, மறுபடியும் திரும்பியது. பிட்ச் குறைவானதைப் போட்டார், ஊளை. நான்கு இதழ் உள்ளதைப் போட்டார்; ஊளை. எஃகினால் ஆனதைப் போட்டார். மிக விலையுயர்ந்த ஊளை.

பிறகு அவர் படகிலிருந்து மனிதர்களைக் குறைக்கத் தொடங்கினார். அக்கா இறங்கினார். தையல்காரரும் இறங்கினார். இறங்கியவர் சும்மா இருக்கவில்லை.

“சகலை, உடம்பு பெருத்தா நாங்க சட்டையைப் பிரிச்சுத் தைப்போம். நீங்க என்னடான்னா சட்டையைத் தைச்சு வச்சுட்டு உடம்பைச் செதுக்குறீங்க.”

“உங்களுக்குத் துணியைப் பத்தித் தெரியும், தண்ணியைப் பத்தித் தெரியாது,” என்றார் விசிறியார். தண்ணீரின் சார்பில் அவருக்கு மிகவும் வலித்தது.

இப்போது படகில் கணவனும் மனைவியும் மட்டுமே. வெயில் ஏறிவிட்டது. பின்புறம் அப்போதும் அமிழ்ந்தே இருந்தது. ‘ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக’ என்று, படகு வாங்கும்போது அதனுடனேயே வந்த பழைய மூன்று இதழ் விசிறியை மாட்டி முடித்து, விசிறியார் நிமிர்ந்தார். மனைவி தீவைப் பார்த்தார். படகின் பின்புறத்தைப் பார்த்தார். கணவரின் காலடியைப் பார்த்தார்.

“என்னங்க, பெட்டியை எடை போட்டீங்களா?”

“எந்தப் பெட்டி?”

“இந்தப் பெட்டிதான். காலையில ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து வச்சாங்களே.”

“அதை எதுக்கு எடை போடணும்? அது பாரமில்லம்மா. கருவி.”

எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். படகு ஏன் திணறுகிறது என்று கண்டறிவதற்காக அவர் சேர்த்த விசிறிகள், சுத்தியல்கள், முறுக்கிகள், மசகு டப்பாக்கள் ஆகிய அனைத்தும், படகைத் திணறடித்துக்கொண்டு, மோட்டாருக்கு அருகிலேயே, மிகுந்த அக்கறையுடன் வீற்றிருந்தன.

“ஒரு தடவை இறக்கிப் பாத்துடலாமே,” என்றார் மனைவி மெதுவாக. “நீங்களும் அத்தானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க.”

இருவரும் முக்கி முனகிப் பெட்டியைத் துறையில் இறக்கினர். படகின் பின்புறம் ‘அப்பாடா’ என்று எழுந்தது. மனைவி அக்காவுக்குக் கை கொடுத்தார். தையல்காரர் தாமாகவே தாவி ஏறினார். என்னையும் அழைத்தார்கள். விசிறியார் பெட்டியை விட்டு நகருகிறவராகத் தெரியவில்லை; அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. தர்பூசணியையும்தான்.

“இரு, நானும் வரேன்! பெட்டியைப் பூட்டிட்டு வந்துடறேன்,” என்றார் விசிறியார். பூட்டு, பெட்டியினுள் எல்லா விசிறிகளுக்கும் அடியில் இருந்தது. அவர் அதைத் தேடி எடுப்பதற்குள் மனைவி படகைக் கிளப்பிவிட்டார். மூக்கு நிமிரவில்லை, வால் அமிழவில்லை. இஸ்திரி போட்ட துணியின்மேல் கை வழுக்குவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று.

“கைப்பிடியை முழுசாத் தள்ளு!” என்று கரையோரமாக ஓடிக்கொண்டே கத்தினார் விசிறியார். “மீட்டர்ல என்ன காட்டுது?”

“மரம் தெரியுதுங்க!” என்று பதில் வந்தது.

“மரமில்ல, மீட்டரைப் பாரு!”

“ஓட்டும்போது முன்னாலதான் பாக்கணும்! ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுக்கறேன்!”

படகு சிறுத்துத் தீவின் நிழலில் நின்றது. விசிறியார் திரும்பி வந்து பெட்டியின்மேல் அமர்ந்தார். நான் தர்பூசணியை வெட்டி ஒரு துண்டு கொடுத்தேன். விதைகளை எண்ணாமல் உண்டார் என்பதைக் கொண்டு அவருடைய மனநிலையை நீங்கள் ஊகிக்கலாம்.

மாலையில் அவர்கள் திரும்பினார்கள். மனைவியின் தலைமுடியில் ஒரு புல் ஒட்டியிருந்தது. கணவருக்கென்று எடுத்துவைத்திருந்த சாப்பாட்டை நீட்டினார்.

“எப்படி இருந்துச்சு?” என்றார் விசிறியார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அடுத்த தடவை நீங்களும் வரணும்.”

அவர் தலையைச் சற்றே சாய்த்தார். ஓய்ந்திருந்த மோட்டாரைப் பார்த்தார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

“நல்லாத்தான் போச்சு…” என்று தொடங்கினார்.

மனைவி அவர் வாயில் ஒரு கவளத்தை வைத்தார். அந்த வாக்கியம் அன்று முற்றுப்பெறவில்லை.

இப்போது ஏரியில் நீர் இல்லை. படகு சேற்றில் அமர்ந்திருக்கிறது. விசிறியார் நாள்தோறும் மாலையில் முழங்கால் சேற்றில் இறங்கி, நீரின் இடையூறு சிறிதும் இல்லாமல், விசிறி மாற்றிவிட்டு வருகிறார். இவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் கண்டதேயில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம் படகும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆயினும் இதைப் படித்து முடித்ததும், தலையைச் சற்றே சாய்த்து, பக்கத்தில் இருப்பவரிடம், “நல்லாத்தான் எழுதியிருக்காங்க… ஆனா…” என்று நீங்கள் சொல்ல வாயெடுப்பீர்களானால், தயங்காமல் எங்கள் துறைக்கு வந்துவிடுங்கள். அந்தப் பச்சைப் பெட்டியின்மேல் இன்னொருவர் உட்கார இடமிருக்கிறது.