ஈரமுனிக்கு ஏழு தகரம்

சுவரில் இரத்தம் வடிகிறதாம்!

கேட்டதுதான் தாமதம், கெட்டியதென்னைத் தேயிலைத் தோட்டம் கொழுந்துக் கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு லயத்து வீடுகளுக்கு ஓடிவந்தது. கொடகவெலயிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒருத்தர் கையில் வாழைக்குலை, இன்னொருத்தர் கக்கத்தில் சேவல். சம்பளக் கூட்டம் என்று சங்கத் தலைவர் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் முப்பது பேர் சேராத தோட்டம் ஐயா இது! இரத்தம் வடிகிற சுவரைப் பார்க்க முந்நூறு பேர்.

2003 மே மாதத்து மழையை இரத்தினபுரிப் பக்கத்து ஆட்கள் லேசில் மறக்கமாட்டார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்திட்டு சரிந்து, முழங்கால் அளவு சேறு வீட்டுக்குள் வந்தது. தெய்வாதீனமாக ஆள்சேதம் இல்லை. பாருங்கள், எனக்கும் வாயில் அதுதான் வருகிறது. மண் பகலில் சரிந்தது, நாங்கள் ஓடித் தப்பினோம், அதனால்தான் ஆள்சேதம் இல்லை.

சேற்றை நாங்களே அள்ளிக் கொட்டினோம். தோட்டத்து மேனேஜர் தொரை நாலு ஆட்களை அனுப்பி, கறை தெரியாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மிச்சச் சுண்ணாம்பை பங்களா ரோட்டோரக் கற்களுக்கு அடித்தார்கள். அதோடு வீடு திருத்தும் வேலை முடிந்தது. பிறகு நிவாரண லொறி ஒன்று வந்து, ஓட்டைக் கூரையை மாற்றிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு ஏழு புதுத் தகரம் இறக்கிவிட்டுப் போனது.

ஆனால் சுவர் காயவில்லை. அடித்த சுண்ணாம்பு ஈரத்திலேயே ஊறிக் கிடந்தது. பாயில் பூஞ்சணம், உடுப்பில் பூஞ்சணம், சாமி படத்துக்குக்கூட மீசை முளைத்த மாதிரி பூஞ்சணம். என் பக்கத்துக் காம்பராவில் லோஜினி. அவள் புருஷன் துஷாந்தனுக்குக் கொழும்பில் கடை வேலை. மூன்று வயது மகள் லக்ஷிகாவுக்கு மழைக்குப் பிறகு இழுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தக் குழந்தை மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்கும்.

அப்போதுதான் ஜலகண்ட சாமி எழுந்தருளினார்.

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். நிவாரணக்காரர் கொடுத்தார். அரசியல்காரர் கொடுப்பதாகச் சொன்னார். சாமி எடுத்தார். பலாங்கொடைப் பக்கம் நாற்பது வீட்டுக்குப் பேய் அண்டாமல் கட்டுக் கட்டியவராம். முழங்கை வரைக்கும் விபூதி, கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் மணிகள். பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு கொத்து வேப்பிலை. லோஜினி வீட்டுச் சுவர் முன்னால் நின்று, "ஜல்! ஜலால்! ஜலஜால்!" என்று கத்தி வேப்பிலையை உதறினார்.

சுவர் சிவந்தது. சிவந்து, கோடு கோடாகக் கீழே வடிந்தது.

"ஆத்தா!" என்று பெண்கள் அலறினார்கள். இரண்டு பேருக்குச் சாமி வந்தது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன், மறைத்து என்ன பயன்?

"மண்ணோட சேந்து ஈரமுனி வந்து செவத்துக்குள்ள குந்தியிருக்கான்!" என்றார் சாமி. "அவன் ஒழியுற வரைக்கும் செவரு காயாது. புள்ளைக்கி மூச்சு முட்டுறதும் அவன் வேலதான். நாப்பத்தியொரு நாளு கதவு ஜன்னல அடைச்சி வைக்கணும். காத்து பட்டா கட்டு அவுந்துரும். பின்னுக்கு இருக்குற தண்ணிக் கான்ல யாரும் கை வைக்கக் கூடாது, அதுதான் அவன் படுக்கை."

"பரிகாரம் என்னாங்க சாமி?" என்று கேட்டார் இராமையா. எழுபது வயது. பரிகாரம் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு முகத்தில் ஒரு களை வரும்.

"முனி கூரை கேக்குறான். வீட்டுக்கு ஏழு தகரம்."

எத்தனை தகரம் வந்தது என்று முனிக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தன் கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. "பாத்தியா, எண்ணி வச்ச மாதிரி சொல்றாரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒழுகுகிற வீட்டுக்காரன், ஒழுகலை நிறுத்துவதற்காகக் கூரைத் தகரத்தைத் தூக்கிக் கொடுத்தான். கோயிலுக்குப் பக்கத்தில் தகரம் மலையாகக் குவிந்தது. என்னுடைய ஏழும் அதில் இருந்தன. சிரியுங்கள், சிரியுங்கள்.

ஒரே ஒரு வீட்டுச் சுவர் மட்டும் சிவக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் வீடு. அது டவுனில் வாங்கிய பெயின்ட் அடித்த சுவர். சாமி இரண்டு தரம் தெளித்துப் பார்த்துவிட்டு, "இது புண்ணியவான் வீடு, முனி அண்டல்ல" என்று சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முனிக்குக்கூட ஆள் தராதரம் தெரிந்திருக்கிறது!

சனிக்கிழமை காலையில் தகரம் ஏற்ற லொறி வந்தது. அதே நேரம் மெட்டில்டாவும் வந்தாள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற ஆயம்மா. ஐந்து நாளாக லக்ஷிகாவைக் காணோமே என்று தேடி வந்தவள், சாக்கு அடித்து மூடிய ஜன்னலைப் பார்த்தாள். கதவைத் தள்ளி உள்ளே போனாள். போன வேகத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். லக்ஷிகாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

"அடி பாவி லோஜினி! பெத்தவளா நீ? பூஞ்சணத்துக்குள்ள போட்டுப் புள்ளைய மூடி வச்சிருக்கியே!"

"சாமி சொன்னாருங்க ஆயம்மா... காத்து படக் கூடாதுன்னு..." லோஜினி அழுதாள். "வெளிய எடுத்தா முனி அடிச்சிருவான்னாரு. நான் யார நம்புறது?"

"உன் புள்ள மூஞ்சியப் பாரு. அதக் காட்டியும் யாரு சொல்லணும்?"

வெளிக்காற்று பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தைக்கு உதட்டில் நிறம் வந்தது. சாமி வேகமாக வந்தார். "வேதக்காரிக்கு எங்க முனியப் பத்தி என்னா தெரியும்?"

"எங்க ஃபாதரும் வந்தாரு சாமி, தீர்த்தந் தெளிச்சாரு. ஏற்கனவே நனைஞ்ச செவத்துக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி, அம்புட்டுத்தான் ஆச்சு. அது கிடக்கட்டும். ஈரமுனி ஈரத்துலதானே இருப்பான்?"

"ஆமா."

"வாங்க."

லோஜினி வீட்டுப் பின்சுவரில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து விழுந்து, வெறும் மண் தெரிந்தது. சொட்டச் சொட்ட நனைந்த மண். மெட்டில்டா குழந்தையைப் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, சாமியின் செம்பைப் பிடுங்கி அங்கே ஊற்றினாள். தண்ணீர் மஞ்சளாகவே வழிந்து கீழே போனது. முந்நூறு பேரும் எட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

பிறகு விறுவிறுவென்று பங்களா ரோட்டுக்கு நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே ஓடியது. வெயிலில் காய்ந்து கிடந்த வெள்ளைக் கற்கள்மேல் மிச்சத்தில் கொஞ்சம் தெளித்தாள். முதல் கல் சிவந்தது. இரண்டாவது கல் சிவந்தது. தொரை பங்களா வரைக்கும் தெளித்திருந்தால் அத்தனையும் சிவந்திருக்கும்.

"ஐயையோ, முனி ரோட்டுக்கு வந்துட்டான்!" என்றார் இராமையா. "சாமி, இப்ப கல்லுக்கும் பரிகாரம் செய்யணுங்களா?"

சாமிக்கு உயிர் வந்தது. "செய்யணும்! கல்லுக்கு ஒரு தகரம்!"

தலையில் அடித்துக்கொண்டேன். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எந்தச் சாமிதான் பிழைக்காது?

மெட்டில்டா கத்தவில்லை. இராமையாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். விரலால் கொஞ்சம் தோண்டி உள்ளங்கையில் வைத்து, செம்பின் அடியில் இருந்த மஞ்சள் தண்ணீரை அதில் ஊற்றிக் குழைத்தாள். உள்ளங்கை இரத்தமாகச் சிவந்தது. பெண்கள் முன்னால் கையை நீட்டினாள்.

"இது என்னா? சொல்லுங்க பாப்போம்."

கல்யாணத்துக்குக் கல்யாணம், சடங்குக்குச் சடங்கு தட்டில் கரைத்த கைகள்தானே எல்லாம்! லோஜினிதான் மெல்லச் சொன்னாள்.

"ஆலாத்தி."

"தட்டுல கரைச்சா ஆலாத்தி. சுண்ணாம்பு அடிச்ச செவத்துல பட்டா முனி இரத்தமா?"

லோஜினி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு லொறிக்கு ஓடினாள். ஏறித் தகரத்தைத் தூக்கித் தூக்கி வீசினாள். "எம் புள்ள செத்துருப்பாளேடா! எங்க கூரையையும் வாங்கிக்கிட்டு, எம் புள்ளையவும் கொல்லப் பாத்தியேடா, நாசமாப் போறவனே!" முதல் தகரம் விழுந்த சத்தத்தில் சாமி தேயிலைக்குள் இறங்கி ஓடினார். மணிமாலை ஒரு தேயிலைச் செடியில் சிக்கி அறுந்தது. "அனே, மம தன்னே நே!" என்று சிங்களத்தில், தனக்கு ஒன்றும் தெரியாதென்று கையை விரித்த லொறிக்காரனும் கூட இறங்கித் தகரம் இறக்க உதவினான்.

மெட்டில்டா குழந்தையை மருந்துக்குக் கொண்டுபோனாள். நாங்கள் மண்வெட்டியோடு லயத்துக்குப் பின்னால் போனோம். முனியின் படுக்கையைப் பார்க்கவேண்டுமே! சரிந்த மண் கானை அடைத்து, வாரக் கணக்கில் தேங்கிய தண்ணீர் சுவரோடு சுவராக நின்றது. நாற்றத்துக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டோம். மத்தியானத்துக்குள் வெட்டிவிட்டோம். ஒரு மாதம் வீட்டுக்குள் ஊறிய தண்ணீர் பத்தே நிமிடத்தில் பள்ளத்தில் இறங்கிப் போனது. அத்தனை நாளும் வீட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டோமே தவிர, ஒரு நாய்கூட பின்னால் போய்ப் பார்க்கவில்லை. அந்த நாய்களில் நானும் ஒருவன்.

நனைந்த பூச்சைச் சுரண்டினோம், ஜன்னலைத் திறந்தோம். மூன்று வாரத்தில் சுவர் வெளுத்துக் காய்ந்தது. இப்போது நடுச்சுவர் வழியாக லக்ஷிகா பாட்டுப் பாடி என் உயிரை வாங்குகிறாள். வாங்கட்டும்.

ஆனால் தகரம் திரும்பக் கிடைத்த அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இராமையா பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெட்டில்டாவிடம் வந்தார்.

"ஆயம்மா, தகரம் அடிக்க எது நல்ல நாளுன்னு பாக்கணுமே?"

மெட்டில்டா அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பலாங்கொடைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை இல்லாத நாளுதான் நல்ல நாளு மாமா. அது இன்னும் அரை மணித்தியாலந்தான் இருக்கு. பஞ்சாங்கத்தத் தலைக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களா, இல்ல ஏணியப் புடிக்கிறீங்களா?"