தங்கம்மாவின் குடிசைக்கு வந்த மாடிக்கடை வரி

சிவமயம்

ஒட்டுசுட்டான், காட்டோரம்.
08.01.1998

என் அன்பிற்குரிய மருமகப்பிள்ளை கோகுலன் அவர்களுக்கு,

மாமா ஏரம்பு எழுதுவது. வற்றாப்பளை அம்மன் காவலில் நானும் உங்கள் மாமியும் பசுவும் சுகம், கூரையைப் பற்றி மட்டும் என்னால் உறுதி கூற முடியாது. வவுனியாவில் நீங்களும் மகள் கிருசாந்தியும் குறையின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

போன கடிதத்தில் உங்கள் கடை வாசற்கதவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கவலையை விடுங்கள். கொண்டலடிச் சந்தியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எல்லோரையும் போல நாங்களும் கதவு, யன்னல், கூரைத்தகரம் எல்லாவற்றையும் கழற்றி உழவு மெசினில் ஏற்றினோம். இங்கே இறக்கும்போது கொட்டும் மழை, அயலட்டையின் கதவுகளெல்லாம் சேற்றில் ஒரே குவியல், ஆனாலும் உங்கள் கதவை நானே பார்த்துத் தூக்கி வந்தேன். சீதனத்தோடு நான் தந்த முதிரைக் கதவல்லவா, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எனக்குத் தெரியும். இப்போது அது எங்கள் கொட்டில் வாசலில் நிற்கிறது. தேங்காய் விற்கிற விலையில் மாமி முறைத்தாலும் கிழமை தவறாமல் எண்ணெய் பூசி வருகிறேன். கதவு கொஞ்சம் மெலிந்துதான் போயிருக்கிறது. இடம்பெயர்ந்ததில் யார்தான் மெலியவில்லை.

நிற்க. நான் இப்போது ஒரு பொதுச்சேவையில் இறங்கியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும், நான் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பே புகையிரதம் ஓய்வு பெற்றுவிட்டது. சட்டதிட்டம் படித்த மூளை சும்மா கிடந்து துருப்பிடிக்கக் கூடாது என்று, எங்கள் பிரதேச சபை அனுப்பும் வரி அறிவித்தல்களோடு அழுதுகொண்டு வருகிற ஏழைச் சனங்களுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். சபையும் எங்களோடுதான் இடம்பெயர்ந்தது. மேசை வரவில்லை, அலுமாரி வரவில்லை, வரி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. மாமி இதைப் பற்றிச் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. "றெயினில்லாத ஸ்ரேசனிலை கொடி காட்டின மனிசன், இனி என்னத்தைக் காட்டப் போறாரோ" என்பது அவருடைய கதை.

அப்படி வந்தவர்தான் தங்கம்மா. புருசனில்லாத மனுசி, ஒரு பழைய தையல் மெசினை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை தைத்துச் சீவிக்கிறார். நான்கு கிடுகுத்தட்டி, மேலே கொஞ்சம் வைக்கோல், அதுதான் வீடு. ஆனால் அந்த வீட்டு வாசலில் முதிரை மரத்தில் ஒரு பென்னாம்பெரிய இரட்டைக் கதவு நிற்கிறது. மழைக்குள் எல்லோரும் அள்ளியதுபோக மிஞ்சிய கதவு இதுதானாம். அவருடைய சொந்தப் பனம்பலகைக் கதவை எந்தக் கண் தெரியாதவன் தூக்கிப் போனானோ தெரியாது. மிஞ்சிய கதவில், பழைய சந்தியில் கட்டட வரிக்காகச் சபை அடித்த சோலைவரி இலக்கத்தகடு அப்படியே இருக்கிறது, இருபத்தேழு. சபையின் வரிப் பரிசோதகர் ஸ்ரனிஸ்லஸ் தம்பி சைக்கிளில் வந்து இலக்கத்தைப் பார்த்தார், ஏட்டைப் புரட்டினார், இருபத்தேழாம் இலக்கம் இரண்டு மாடிக் கடை, பின்னால் களஞ்சியம், கட்டுக்கிணறு என்று இருந்தது, இவ்வளவுக்குமான நிலுவையை அறிவித்தலில் எழுதித் தங்கம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். சந்தியில் மாடிக்கடைகள் பல, எல்லாவற்றின் இலக்கமும் யாருக்கு ஞாபகம். கடைக்காரனின் பெயர் இருந்த பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டதாம். தொகை இருந்த பக்கத்தைக் கறையானும் தொடவில்லை.

நேரில் வந்து பார்க்கும்படி நான் ஒரு மனு போட்டேன். தம்பி வந்தார். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை, நேர்மையென்றால் அப்படியொரு நேர்மை, ஒரு சொட்டு விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஐயா, கதவைப் பாத்தால் ரெண்டு மாடிதானே" என்றார்.

"தம்பி, கதவுக்குப் பின்னாலை வந்து பாருங்கோ" என்றேன்.

உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். கூரை வளையில் இரண்டு தடியைக் கட்டித் தங்கம்மா கோழிகளை விட்டிருந்தார். "அக்கா, மேலை என்ன?" என்று கேட்டார். அந்த மனுசி வெள்ளந்தியாக, "மேலை கோழி படுக்கிறது தம்பி, கீழைதான் நான்" என்றார். தம்பி உடனே 'மேல்மாடி பாவனையில் உள்ளது' என்று எழுதி, அதற்கும் சேர்த்து வரியைக் கூட்டிவிட்டார். என்னுடைய முதல் மனுவின் பலன் இது.

நான் சோர்ந்து போகிற ஆளில்லை. கதவைக் கழற்றிக் கொல்லையில் நின்ற பாலைமரத்தில் சாத்தி வையுங்கள், இலக்கமும் போகும் வரியும் போகும் என்று ஆலோசனை சொன்னேன். தம்பி மறுபடி வந்தார். பாலைமரத்துக்கு இருபத்தேழாம் இலக்கம் என்று பதிந்தார், குடிசைக்கு இலக்கமில்லாததால் அனுமதி பெறாத புதுக்கட்டடம் என்று பதிந்தார், இரண்டுக்கும் தனித்தனி அறிவித்தல். அந்தக் கிழமை யானை வந்து மரத்தில் முதுகு தேய்த்துவிட்டுப் போக, மரத்தில் குடியிருப்பவர் யார் என்று தம்பி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் ஒன்றும் எழுதவில்லை. யானையின் பெயரைக் கொடுத்தால் அதற்கும் அறிவித்தல் போகும், யானையும் என்னிடம்தான் மனு எழுத வரும்.

இதற்குள் தவணை முடிந்து, சபை தையல் மெசினைப் பறிமுதல் செய்துவிட்டது. தம்பி அதைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டும்போது ஊசியில் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை பாதி தைத்தபடி தொங்கிக்கொண்டு போனது. தங்கம்மா அழவில்லை. "மாஸ்ரர், நீங்கள் உதவி செய்யிறதுக்கு முந்தி எனக்கு வரி மட்டும்தான் இருந்தது" என்றார். பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்கள்தான் இருந்தன, வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் தைத்துக் கொடுக்கவும் முடியாமல் அந்த மனுசி படலையை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தார். குற்றம் கதவில் பாதி, என்னில் பாதி.

ஆனபடியால் கடைசியாக ஒரு வேலை செய்தேன். சபைக் கந்தோர் ஒரு பழைய நெற்கொட்டிலில் இயங்குகிறது, வாசலுக்குக் கதவில்லை, சாக்குத்தான் தொங்குகிறது. வண்டில் பிடித்து அந்தக் கதவைக் கொண்டுபோய் அன்பளிப்பாகக் கொடுத்தேன். தம்பிக்குச் சொல்ல முடியாத சந்தோசம், அங்கேயே பிணைச்சல் அடித்துப் பூட்டினார். பூட்டும்போதுதான் கவனித்தேன், கீழ்மூலையில் எலி அரித்த ஓட்டையை மறைக்கப் பால்மா ரின் தகரத்தை வெட்டி அடித்திருக்கிறது. மாடிக்கடை வைத்திருந்தவன், ஒரு துண்டுப் பலகைக்குக் கூட மனம் வராத கஞ்சன் என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். கதவு சரியாகப் பூட்டியான பிறகு மனுவை நீட்டினேன். இருபத்தேழாம் இலக்கம் இப்போது இந்தக் கந்தோர், வரியை இங்கேயே அறவிடவும் என்று.

தம்பி மனுவை வாசித்தார். வெளியே போய் இலக்கத்தைப் பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, கட்டடத்தில் இருப்பவர் என்று தன் பெயருக்கே ஓர் அறிவித்தல் எழுதிக் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டார். அவருடைய நேர்மையை நான் அங்கேதான் கண்டேன். "என்னட்டை இவ்வளவு காசில்லை ஐயா" என்றார். "அப்ப சட்டப்படி உள்ளுக்கிருக்கிற அசையும் பொருளைப் பறிமுதல் செய்ய வேணும் தம்பி" என்றேன். உள்ளே இருந்த ஒரே பெறுமதியான பொருள் தங்கம்மாவின் தையல் மெசின்தான். அதைத் தன்னிடமிருந்து தானே பறிமுதல் செய்தார். பறிமுதல் செய்த பொருளை அதே கட்டடத்தில் வைக்க விதியில்லை, நம்பகமான ஓர் ஆளின் பொறுப்பில் விட வேண்டும், நான் பொறுப்பேற்றேன். ஏற்றுக்கொண்டு நேரே தங்கம்மாவின் குடிசையில் இறக்கினேன். அந்தப் பாதிச் சட்டை அன்று மத்தியானமே முழுச் சட்டையாகிவிட்டது.

இதற்குப் பதிலாகத் தம்பி ஒன்று மட்டும் கேட்டார். கதவின் உண்மையான சொந்தக்காரனை நான் பிடித்துக் கொடுக்க வேண்டும், முழு நிலுவையும் அவன் தலையில், அதுவரை தங்கம்மாவைத் தொட மாட்டார். முழு மனதோடு கையொப்பமிட்டேன். எங்கேயோ கொழும்பிலோ கனடாவிலோ கால்நீட்டிப் படுத்திருக்கிற அந்தக் கஞ்சனைக் கண்டுபிடிக்க, சந்தியில் கடை வைத்திருந்த நீங்களும் உதவ வேண்டும்.

தபாலை நம்ப முடியாது, சபைச் சம்பளம் எடுக்க வவுனியாவுக்கு வருகிற ஒருவரின் கையில் இதைத் தந்துவிடுகிறேன். அம்மன் அருளால் உங்கள் வியாபாரம் பெருகட்டும், உங்கள் வாசல் என்றும் திறந்திருக்கட்டும். மாமி கிருசாந்திக்கு முத்தம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா,
வ. ஏரம்பு

பி.கு. (12.01.1998): கடிதத்தைக் கொடுத்துவிட மாமி கந்தோருக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். கந்தோர் வாசலில் நிற்பது உங்கள் கதவாம். பால்மா ரின்னை வெட்டி அடித்தது மாமியேதானாம். கஞ்சன் என்று எழுதியதை வெட்டிவிட்டு வாசிக்கவும். நான் ஒன்றரை வருடமாக எண்ணெய் பூசியது தங்கம்மாவின் பனம்பலகைக் கதவுக்கு. "கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியுமெண்டு சொன்னியள், நானும் நம்பிட்டன். கண்ணைத் திறந்துகொண்டெல்லே தூக்கினியள்" என்கிறார் மாமி. அந்தக் கதவைத் தங்கம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன், இப்போது நல்ல மினுக்கமாக இருக்கிறது.

மனுவைத் திரும்பப் பெறலாம் என்று தம்பி சொன்னார். பெற்றால் மெசின் மறுபடி கரியரில் ஏறும். இன்று பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு எங்கள் படலையைத் தாண்டிப் போனார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் திரும்பப் பெற முடியாது, மருமகப்பிள்ளை. இந்தக் கடிதத்தைத் தந்துவிட்டு இப்போது உங்களுக்கு முன்னால் கதிரையில் இருப்பவர்தான் ஸ்ரனிஸ்லஸ் தம்பி. தேத்தண்ணி கொடுத்து, நிலுவையைக் கட்டிவிடுங்கள், கோழி படுத்த மேல்மாடிக்கும் சேர்த்து.